தாழ்நிலத்தில் சமையல் வாயு: சிப்பிகாட்டை முன்னிட்டு ஒரு பாடம்

தென் அந்தமானில், 2024-ஆம் ஆண்டு செப்டம்பர் வரை போர்ட் பிளேர் என வழங்கி இப்போது ஸ்ரீ விஜய புரம் எனப் பெயர் பெற்றுள்ள நகரிலிருந்து சுமார் 14 கிலோமீட்டர் தொலைவில் சிப்பிகாட் உள்ளது. கிராம்பு, சாதிக்காய், இலவங்கப்பட்டை, மிளகு, தென்னை முதலியன வளரும் அரசாங்கப் பண்ணையால் இவ்வூர் வெளியாருக்கும் அறிமுகமானது. மேட்டில் பண்ணையும் பள்ளத்தில் வயலுமாக இருந்த இந்நிலத்தின் அமைப்பை 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஏற்பட்ட பூகம்பம் மாற்றிவிட்டது. அன்று ஆழிப்பேரலை வந்து மீண்டது மட்டுமன்று. தென் அந்தமானின் இப்பகுதி ஏறத்தாழ ஒரு மீட்டர் அளவு கீழே தாழ்ந்தது. நெல் விளைந்த பள்ளங்களில் அதன்பின் ஒவ்வொரு ஏற்றத்தின்போதும் உப்புநீர் புகலாயிற்று. வரப்புகள் மறைந்தன, நீர்ப்பறவைகள் வந்து தங்கின.

நிலம் தாழ்ந்ததற்கும் அடுப்பங்கரைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு உண்டு. திரவமாக்கப்பட்ட பெட்ரோலிய வாயு பள்ளம் நாடும் இயல்புடையது. கழியோரத்து வீட்டில் அது எங்கே தேங்கும், வெள்ளம் வந்தால் அதன் உருளை என்னவாகும், உப்புக்காற்று அதன் எஃகை என்ன செய்யும் என்பனவெல்லாம் பெருநிலத்து நகரங்களுக்கென எழுதப்பட்ட துண்டு வெளியீடுகளில் விளக்கமாகக் காணப்படுவதில்லை. வீடு வீடாகச் செல்லும் கள ஊழியரும், மதிய உணவுக்கூடம் உள்ள பள்ளியின் ஆசிரியரும் இவற்றை அறிந்திருப்பது நலம்.

இவ்வாயு புரோப்பேன், பியூட்டேன் என்னும் இரு ஹைட்ரோகார்பன்களின் கலவையாகும். சாதாரணக் காற்றழுத்தத்தில் புரோப்பேன் பூஜ்யத்துக்குக் கீழ் 42 டிகிரி சென்டிகிரேடிலும், பியூட்டேன் பூஜ்யத்துக்கு அரை டிகிரி கீழேயும் கொதிக்கும். ஆதலின் அந்தமானின் வெப்பநிலையில் இவை திரவமாக நிற்க வேண்டுமானால் அழுத்தத்தில் அடைபட்டிருத்தல் வேண்டும். வீட்டு உருளையில் அடங்குவது 14.2 கிலோகிராம். உருளையின் கொள்ளளவு சுமார் 33 லிட்டர். அதில் திரவம் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை நிரப்பும். எஞ்சிய இடம் வீணாக விடப்பட்டதன்று. வெயிலில் திரவம் விரியும்போது அதற்கு இடம் வேண்டும். மேலும் அடுப்புக்குச் செல்ல வேண்டியது அவ்விடத்தில் நிற்கும் ஆவியே, திரவமன்று. உருளையை எப்போதும் நிமிர்த்தியே வைக்க வேண்டும் என்ற விதிக்குக் காரணம் இதுதான். படுக்க வைத்தால் திரவமே குழாயில் இறங்கும். ஒரு லிட்டர் திரவம் சுமார் 250 லிட்டர் ஆவியாகும். வாயு தீரும் தறுவாயில் உருளையைச் சாய்த்தும் கவிழ்த்தும் பார்க்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அதை எங்கே கண்டாலும் தடுத்தல் வேண்டும்.

இனி எடையைக் கவனிப்போம். இவ்வாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் புகைபோல் மேலே எழாது; நீர்போல் தரையில் பரவிப் பள்ளத்தையும் வாய்க்காலையும் தேடிச் செல்லும். காற்றில் நூற்றுக்கு ஏறக்குறைய இரண்டு பங்கு கலந்தாலே தீப்பற்றும். ஒன்பது பங்குக்கு மேல் கலந்தால் பற்றாது. பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரமுள்ள ஒரு சமையலறையில் சுமார் 28 கன மீட்டர் காற்று உண்டு. அவ்வறை முழுவதும் தீப்பற்றும் நிலையை அடைய ஒரு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட வாயு கசிய வேண்டும். ஆனால் வாயு அறை முழுவதும் சமமாகக் கலப்பதில்லை. தரையை ஒட்டி ஓரடி உயரத்துக்குள் அது தங்குமாயின் நூறு கிராமுக்குச் சற்று அதிகமே போதும். நின்றுகொண்டு மோந்து பார்ப்பவருக்கு வாசனை இலேசாகத் தோன்றும். அதே நேரத்தில் கால்மாட்டில் வைத்த விளக்கு அபாய எல்லைக்குள் இருக்கும். புயல்மழைக் காலத்தில் மின்சாரம் நின்றவுடன் மெழுகுவர்த்தியையோ சிமினி விளக்கையோ தரையில் வைப்பது இத்தீவுகளில் இயல்பாக நடப்பது என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும்.

வாயு தாழ்விடம் தேடிப் பரவுவதன் கொடுமையைக் கேரளத்தின் கண்ணூர் அருகிலுள்ள சாலாவில் 2012-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27-ஆம் நாள் இரவு நிகழ்ந்த விபத்து காட்டியது. நெடுஞ்சாலையில் வாயு ஏற்றிவந்த லாரி கவிழ்ந்தது. கசிந்த வாயு சாலையோர வீடுகள் வரை பரவித் தீப்பற்றியது. லாரிக்கு அருகே செல்லாத பலரும் தத்தம் வீட்டிலேயே உயிரிழந்தனர். ஓர் உருளையின் கசிவு அவ்வளவு தூரம் செல்லாதுதான். ஆயினும் சரிவில் கட்டிய வீட்டில், மேலறையில் கசிந்தது படிவழியே இறங்கிக் கீழே விறகடுப்பு எரியும் கொட்டகையை அடைவதற்கு அதிகத் தூரம் வேண்டியதில்லை.

இதை வகுப்பில் காட்ட உண்மையான எரிவாயு தேவையில்லை. அதைக் கொண்டு எந்தச் சோதனையும் செய்யவும் கூடாது. கரியமில வாயுவின் அடர்த்தியும் புரோப்பேனின் அடர்த்தியும் அநேகமாகச் சமம்; இரண்டின் மூலக்கூறு எடையும் 44. ஒரு கூஜாவில் சமையல் சோடாவை இட்டு வினிகரோ எலுமிச்சம்பழச் சாறோ ஊற்றினால் கரியமில வாயு கூஜாவில் நிறையும். அட்டையை மடித்து ஒரு சிறு வாய்க்கால் செய்து, அதைச் சரிவாக நிறுத்தி, அதனுள் மூன்று சிறிய மெழுகுவர்த்தித் துண்டுகளை ஏற்றி வைக்கவும். கூஜாவைச் சாய்த்து, நுரைத்த நீர் வெளியே வாராமல் வாயுவை மட்டும் வாய்க்காலின் தலைப்பில் ஊற்றினால், கண்ணுக்குத் தெரியாத ஒன்று இறங்கிச் செல்வதும், சுடர்கள் மேலிருந்து ஒவ்வொன்றாக அணைவதும் காணலாம். அணைக்கும் வாயு இவ்வாறு ஓடுமானால் எரியும் வாயுவும் இவ்வாறே ஓடும் என்று சொன்னால் மாணவர் உடனே விளங்கிக்கொள்வர். அட்டை தீப்பிடிக்காதபடி சுடரைச் சிறியதாக வைத்து, பக்கத்தில் ஒரு வாளி நீரும் வைத்துக்கொள்வது ஆசிரியரின் பொறுப்பு.

இவ்வியல்பிலிருந்தே உருளையை வைக்கும் இடத்தைப் பற்றிய விதிகள் எல்லாம் பிறக்கின்றன. உருளை தரைமட்டத்துக்குக் கீழான குழியிலோ, மூடிய பெட்டியிலோ, சாக்கடை வாயிலுக்கு அருகிலோ இருக்கலாகாது. அறையின் கதவுக்கடியில் அல்லது சுவரின் அடியில் காற்று வெளியேற வழி வேண்டும். உயரத்தில் மட்டும் சன்னல் இருந்தால் போதாது. அடுப்பு மேடைமேலும் உருளை தரையிலும் இருக்க வேண்டும்; அடுப்பைத் தரையில் வைத்துச் சமைத்தால் கசியும் வாயு சுடரைக் கடந்தே செல்ல நேரும். பலகைச் சுவருள்ள தீவு வீடுகளில் அடுப்புக்குப் பின்னால் ஒரு தகரத்தை, சுவருக்கும் தகரத்துக்கும் இடையே சிறிது இடம் விட்டு, அடித்துக்கொள்வது நல்லது. விறகடுப்பும் வாயு அடுப்பும் ஒரே அறையில் எரிவது தவிர்க்கப்பட வேண்டும். புதிய அடுப்பு வந்த பின்னும் பழைய அடுப்பை விட மனமில்லாத வீடுகள் பல. அங்கே விறகடுப்பை வெளிக் கொட்டகைக்கு மாற்றச் சொல்வதே நடக்கக்கூடிய யோசனை.

ரப்பர்க் குழாய் ஒன்றரை மீட்டருக்கு மிகாதிருத்தல் வேண்டும். இடையில் ஒட்டுப் போடலாகாது. எஃகுக் கம்பி வலையுள்ள தர முத்திரை பெற்ற குழாயையும் ஐந்து ஆண்டுக்கொரு முறை மாற்ற வேண்டும். உருளைக்குள் அழுத்தம் காற்றழுத்தத்தைப்போல் பல மடங்கு இருக்க, ரெகுலேட்டரைக் கடந்தபின் அது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 30 கிராம் அளவுக்குத் தணிந்துவிடுகிறது. குழாய்கள் தாங்குவது இந்தச் சிறிய அழுத்தத்தையே. ரெகுலேட்டரை நீக்கி உருளையை நேராக இணைக்கும் எந்தத் தந்திரமும் இக்காரணத்தால் ஆபத்தானது.

அந்தமானில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவங்களும் உண்டு. கடற்காற்றில் உப்பு எப்போதும் கலந்திருக்கும். எஃகுக்கு இதைவிடக் கெட்ட சூழ்நிலை அரிது. துரு முதலில் பற்றுவது உருளையின் அடி வளையத்தை. ஈரத் தரையில் மாதக்கணக்கில் நின்ற உருளையின் அடியில் செதில் செதிலாகத் துரு உதிர்வதைக் காணலாம். இடைவெளி விட்டு அடித்த இரு மரச்சட்டங்களின்மேல் உருளையை நிறுத்தினால் அடியில் காற்றோட்டம் கிடைக்கும். உருளையின் கைப்பிடியைத் தாங்கும் பட்டையின் உட்புறத்தில் ஓர் எழுத்தும் ஈரிலக்க எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். ஏ என்பது மார்ச்சு முடிய, பி ஜூன் முடிய, சி செப்டம்பர் முடிய, டி டிசம்பர் முடிய உள்ள காலாண்டுகளைக் குறிக்கும். எண் ஆண்டைக் குறிக்கும். 'டி 28' என்றிருப்பின் 2028 டிசம்பருக்குள் அவ்வுருளை மறுசோதனைக்குச் செல்ல வேண்டும். தவணை கடந்த உருளையையும், துரு தின்ற உருளையையும் கொண்டுவந்தவரிடமே திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்குபவருக்கு உண்டு. கப்பலை எதிர்நோக்கியிருக்கும் தீவுவாசி கிடைத்ததை விடத் தயங்குவது இயற்கையே. எனினும் இவ்விஷயத்தில் தயக்கம் தகாது.

வெள்ளத்தில் உருளை என்னவாகும்? கனமான பொருளாதலால் மூழ்கிக் கிடக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். கணக்கு வேறு விதமாகச் சொல்கிறது. வெற்று உருளையின் எடை பொதுவாக 15 அல்லது 16 கிலோ. வாயுவுடன் சேர்த்து ஏறத்தாழ 30 கிலோ. உள்ளே 33 லிட்டர் இடமும் எஃகின் பருமன் சுமார் 2 லிட்டரும் சேர்ந்து அது விலக்கும் நீர் 35 லிட்டர். கடல்நீராயின் அதன் எடை 36 கிலோ. ஆகவே நிறைந்த உருளையும் மிதக்கும். காலியான உருளையோ 20 கிலோ பாரத்தையே தூக்கிக்கொண்டு எழும்பும். ஏற்றநீர் சமையலறைக்குள் புகுந்தால் உருளை மேலெழுந்து, சாய்ந்து, குழாயை இழுத்துப் பிடுங்கும். எனவே நீர் ஏறக்கூடிய தாழ்ந்த வீடுகளில் உருளையைச் சுவரோடு சங்கிலியாலோ உறுதியான கயிற்றாலோ இடுப்பளவில் கட்டி வைத்தல் வேண்டும். நிலநடுக்கம் மிகுந்த இத்தீவுகளில் அக்கட்டு உருளை சாய்ந்து விழாமலும் காக்கும். வெள்ள எச்சரிக்கை கிடைத்தவுடன் ரெகுலேட்டரைக் கழற்றி, நைலான் கயிற்றில் தொங்கும் பாதுகாப்பு மூடியை வால்வின்மேல் அழுத்தி மாட்டி, உருளையை மேடான திறந்த இடத்துக்கு மாற்றுவது இன்னும் நல்லது. சாதாரண நாளில் பலர் வெட்டி எறிந்துவிடும் அந்தச் சிறு மூடி, வால்வு கசியும்போது வாயுவைத் தடுக்கும் அடைப்பாகும்.

கசிவை அறிவதற்கென்றே எதில் மெர்காப்டன் என்னும் நாற்றப்பொருள் வாயுவில் கலக்கப்படுகிறது. கருவாடு காயும் வீட்டில் ஏதோ நாற்றம் என்று அதை ஒதுக்கிவிடுதல் எளிது. அன்றியும், ஓர் அறையிலேயே இருப்பவரின் மூக்கு சிறிது நேரத்தில் பழகிவிடும். ஐயம் தோன்றினால் சோப்பு நுரையை இணைப்புகளில் தடவிப் பார்க்க வேண்டும்; தீக்குச்சியால் ஒருபோதும் சோதிக்கலாகாது. கசிவு உறுதியானால் எரியும் சுடர்களை அணைத்து, ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, அனைவரும் வெளியேற வேண்டும். மின்விசையைப் போடவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. இரண்டிலும் பொறி எழும். கைவிளக்கையும் வெளியிலேயே ஏற்றிக்கொண்டு உள்ளே செல்ல வேண்டும். தரையோரம் தேங்கிய வாயுவைத் துடைப்பத்தாலோ முறத்தாலோ வாசல் நோக்கித் தள்ளுவது பயன் தரும். ஆனால் அந்த வாசலுக்கு வெளியே அடுப்போ பீடி பற்றவைப்பவரோ இல்லை என்பதை முதலில் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

வால்வில் தீப்பிடித்துவிட்டால் அச்சம் மேலிடுவது இயல்பு. சுடர் சிறிதாயிருக்கையில் நனைத்த சாக்கால் மூடி, ரெகுலேட்டரைத் திருகி அடைக்க முயலலாம். அடைக்க இயலாதபோது சுடரை மட்டும் அணைப்பது தவறு. வாயு தொடர்ந்து வெளிப்பட்டு அறையை நிரப்பிப் பின்னர் ஒருங்கே பற்றும். வேறொரு நெருப்பு உருளையைச் சுடுமாயின் நிலைமை இன்னும் கடுமை. திரவம் தொடும் எஃகு குளிர்ந்திருக்கும்; ஆவி நிற்கும் மேற்பகுதியோ விரைவில் சூடேறி இளகி, உள்ளழுத்தத்தைத் தாங்காமல் கிழியும். 1984-ஆம் ஆண்டு நவம்பர் 19-ஆம் நாள் மெக்சிகோவின் சான் ஹுவானிகோவில் வாயுத் தொட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்து ஏறத்தாழ ஐந்நூறு பேர் மாண்டது இம்முறையில்தான். தூரத்திலிருந்து தொடர்ந்து நீர் பாய்ச்ச வசதி இருந்தால் மேற்பகுதியின்மேல் பாய்ச்சலாம். இல்லையேல் ஆட்களை அப்புறப்படுத்துவதே செய்யத்தக்கது.

சட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2016-ஆம் ஆண்டின் வாயு உருளை விதிகளின்படி ஓரிடத்தில் மொத்தம் 100 கிலோவுக்கு மிகாத பெட்ரோலிய வாயுவை உரிமமின்றி வைத்திருக்கலாம். வீட்டு உருளை ஏழு சேர்ந்தால் 99.4 கிலோ, எட்டாவது உருளை எல்லையைக் கடக்கும். 19 கிலோ உருளைகளாயின் ஐந்து வரை. கப்பல் தாமதமாகுமோ என்று உருளைகளைச் சேர்த்து வைக்கும் விடுதிகளும் உணவுக்கூடங்களும் இந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்ள வேண்டும். காலி உருளையிலும் சிறிது வாயு எஞ்சியிருக்குமாதலால் அதையும் நிறைந்ததுபோலவே நடத்த வேண்டும். வீட்டுக்கென வழங்கிய உருளையைத் தேநீர்க் கடையில் பயன்படுத்துவது 2000-ஆம் ஆண்டின் விநியோக ஒழுங்காணைக்கு விரோதமானது.

உப்புநீரில் நனைந்த ரெகுலேட்டரையும் வால்வையும் துடைத்து உலர்த்தி மீண்டும் மாட்டுவது வழக்கமாயிருக்கிறது. உள்ளே படிந்த உப்பும் மணலும் ஊசித்தண்டை முழுவதும் மூடவிடாமல் தடுக்கும். வெளியே பார்ப்பதற்கு யாதொரு குறையும் தெரியாது. அத்தகைய உருளையை நிழலான திறந்த வெளியில் நிமிர்த்தி, மூடியிட்டு வைத்து, விநியோகஸ்தருக்குத் தெரிவித்து மாற்றிக்கொள்ள வேண்டும். ரெகுலேட்டரையும் அவரிடமே ஒப்படைக்க வேண்டும். கசிவு பற்றிய அவசர உதவிக்கு 1906 என்ற தொலைபேசி எண் 2016-ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் இயங்குகிறது. அவ்வெண்ணைச் சமையலறையின் உள்ளே அல்லாமல் வாசற்கதவின் வெளிப்புறத்தில் எழுதி வைக்க வேண்டும்; தொலைபேசியை எடுக்க வேண்டியது அங்கே வந்த பிறகுதான்.