புழு உண்ணும் அளவு

பயிரைப் புழு தின்பதை எவரும் காண்பர். எவ்வளவு தின்கின்றது, எப்பருவத்தில் மிகுதியாகத் தின்கின்றது என்பனவற்றை அளந்தாலன்றி அறிதல் இயலாது. அவ்வாறு அளப்பதனால் உழவர்க்கு விளையும் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம்.

அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகவுடைய படைப்புழு 2016ஆம் ஆண்டில் ஆபிரிக்காவிலும், 2018ஆம் ஆண்டில் இந்தியாவிலும் இலங்கையிலும் காணப்பட்டது. சோளமே அது பெரிதும் விரும்பும் பயிர். இதன் குடம்பி பெரும்பாலும் ஆறு பருவங்களைக் கடந்தே கூட்டுப்புழுவாகின்றது.

உண்ட இலையை அளக்கும் முறைகளுள் இரண்டினை இங்கே கூறுவாம். முதலாவது பரப்பளவு முறை. இலையை வரைபுத்தாளில் வைத்து, அதன் உருவை வரைந்து, சதுரங்களை எண்ணவேண்டும். புழு தின்றபின் மீண்டும் எண்ணவேண்டும். இரண்டிற்குமுள்ள வேறுபாடே உண்ட பரப்பாகும்.

இரண்டாவது நிறை முறை. பறித்த இலை தானாகவே நீரிழந்து நிறை குறையும். அக்குறைவையும் புழுவின் கணக்கிலே சேர்த்தல் முறையன்று. ஆதலின் இலையை நடுநரம்பின் வழியே இரண்டாகப் பிளந்து, இரு பாதிகளையும் நிறுத்து, ஒன்றைப் புழுவுக்கிட்டு, மற்றையதை உடனே உலர்த்தி மீண்டும் நிறுப்பர். இதனால் புழுவுக்கிட்ட பாதியின் உலர்நிறையும் கணிக்கப்படும். எஞ்சிய இலையையும் புழுவின் எச்சத்தையும் உலர்த்தி நிறுத்தால் கணக்கு நிறைவுறும். 100 மில்லிகிராம் உண்ட புழு 60 மில்லிகிராம் எச்சமிடின், அது செரித்தது ஏறத்தாழ நூற்றுக்கு 40 ஆகும். இத்தகைய கணக்கீடுகளை 1968ஆம் ஆண்டில் வால்ட்பாவர் என்னும் அமெரிக்க அறிஞர் ஒழுங்குபடுத்தி எழுதினார்.

படைப்புழு ஒன்று தன் வாழ்நாளில் ஏறத்தாழ 139 சதுர சென்ரிமீற்றர் இலையை உண்ணும் என ஆய்வாளர் அளந்துள்ளனர். அதனுள் முதல் மூன்று பருவங்களிலும் சேர்த்து உண்பது நூற்றுக்கு 1.8, நான்காவதில் 4.7, ஐந்தாவதில் 16.3, ஆறாவதில் மட்டும் 77.2. வெப்பநிலையும் உணவும் மாறின் இவ்வெண்களும் மாறலாம்; எனினும் கடைசிப் பருவமே பெருந்தீனிப் பருவம் என்பது தெளிவு.

இளம்புழு இலையின் பசும்பகுதியைச் சுரண்டி, மெல்லிய தோலை மட்டும் விட்டுவைக்கும். அவ்வெண்ணிறத் தழும்புகளைப் பலரும் பொருட்படுத்தார். இலை கந்தலாகி, குருத்திலே எச்சம் குவிந்த பின்னரே மருந்தைத் தேடுவர். அதற்குள் புழு தன் உணவின் பெரும்பகுதியை உண்டுவிடும். குருத்தினுள் மறைந்திருக்கும் முதிர்ந்த புழுவை மருந்தும் எளிதில் அடையாது. பொருட்செலவு ஒருபுறம், விளைவிழப்பு மறுபுறம்.

ஆகவே, பயிர் முளைத்த நாள்தொட்டு வாரந்தோறும் இலைகளைப் பார்த்தல் வேண்டும். சிறு தழும்பைக் கண்டவுடன் செயற்படுபவனே பயிரைக் காப்பான். வரைபுத்தாளும் தராசும் நமக்கு உணர்த்தும் பாடம் இதுவேயாம்.