‘கரண்ட் வெச்சா பம்ப் நின்னுடும்’ – யார் சொன்னது?

“இதயத்துல பம்ப் வெச்சவங்களுக்கு கேன்சர் வந்தா கரண்ட் வைக்கக் கூடாது, பம்ப் நின்னுடும்.” ‘கரண்ட்’ என்று பேச்சுவழக்கில் சொல்வது கதிர்வீச்சுச் சிகிச்சையை. எத்தனை முறை மறுத்தாலும் இந்தப் பேச்சு ஓய்வதில்லை. கேட்ட குடும்பம் மிரண்டுபோய்ச் சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறது. கட்டி காத்திருப்பதில்லை. யார் சொன்னது என்று துருவினால், “ஸ்கேன் சென்டர்ல சொன்னாங்க” என்பதற்கு மேல் பதில் வராது.

அங்கே சொன்னது சரிதான். ஆனால் அது எம்.ஆர்.ஐ. பற்றியது!

செயலிழந்துவரும் இதயத்தின் இடது கீழறைக்குத் துணையாகப் பொருத்துவது எல்.வி.ஏ.டி. என்னும் பம்ப். அதில் ஒரு வகையான ஹார்ட்மேட் 3-இன் சுழலி, காந்த விசையில் மிதந்தபடி நிமிடத்துக்குச் சுமார் 5,000 முதல் 6,000 முறை சுற்றுகிறது. அதோடு எம்.ஆர்.ஐ. அறைக்குள் போகக் கூடாது. கதிர்வீச்சுச் சிகிச்சை தரும் லீனியர் ஆக்சிலரேட்டர் முற்றிலும் வேறு. அதிலிருந்து நோயாளிமேல் விழுவது பெரும்பாலும் எக்ஸ் கதிர்தான். எம்.ஆர்.ஐ. இணைத்த சில புதிய இயந்திரங்கள் நீங்கலாக, பம்பை இழுக்கும் காந்தம் அங்கே இல்லை.

கம்பெனிக் கையேட்டில் எச்சரிக்கை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. சிகிச்சை அளவிலான கதிர்வீச்சு கருவியைப் பாதிக்கக்கூடும் என்கிறது. ‘கூடும்’ என்பதைக் ‘கூடாது’ ஆக்கியவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். கதிரால் கெடக்கூடியவை மின்னணுப் பாகங்கள். கெடுமா என்பது அவற்றின்மேல் எத்தனை கிரே (கதிர் அளவின் அலகு) விழுகிறது என்பதைப் பொறுத்தது. மூளைக்கோ புராஸ்டேட்டுக்கோ கதிர் தரும்போது, நெஞ்சுக்குள் இருக்கும் பம்பை வந்து சேர்வது சொற்பம். நுரையீரல், உணவுக்குழாய், இடது மார்பகம் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். கதிர் நுழையும் கோணங்களைப் பம்பை விட்டு விலக்கித் திட்டமிடுவார்கள். எச்.வி.ஏ.டி. என்ற பம்பை ஆய்வகத்தில் ஃபோட்டான், புரோட்டான் இரண்டிலுமே காட்டிப் பார்த்தார்கள். அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. (2021-இல் அதன் விற்பனை நின்றதற்குக் காரணம் வேறு.) பம்போடு கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்கள் பற்றிய குறிப்புகளும் மருத்துவ இதழ்களில் உண்டு.

உண்மையில் கவலைப்பட வேண்டியது, பம்ப் வைத்த பலருடைய நெஞ்சில் கூடவே இருக்கும் ஐ.சி.டி.யைப் பற்றி. இதயத் துடிப்பு தாறுமாறானால் அதிர்ச்சி கொடுத்துச் சீராக்கும் கருவி அது. 10 மெகாவோல்ட்டுக்கு மேற்பட்ட கற்றையில் பிறக்கும் நியூட்ரான்கள் அதன் நினைவகத்தைக் குழப்பிவிடலாம். அதனால்தான் 6 மெகாவோல்ட் போதும் என்கிறார்கள். இத்தகைய கருவிகளுக்காக அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 2 கிரே, 5 கிரே என்று வரம்பு வகுத்துத் தந்திருக்கிறது. வதந்தி பரப்புகிறவர்கள் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை.

மற்றவை:

நம்பிக்கை: கதிர் வைக்கும்போது பம்பை அணைத்துவிட வேண்டும்.
உண்மை: கூடவே கூடாது. உயிருக்கு ஆபத்து அதில்தான்.

நம்பிக்கை: சி.டி. ஸ்கேனும் ஆகாது.
உண்மை: எடுக்கலாம். உலோகத்தால் படத்தில் கோடுகள் விழும். அதைத் திருத்திக் கணக்குப் போட வழி உண்டு.

நம்பிக்கை: நாடி கிடைக்கவில்லை என்றால் பம்ப் நின்றுவிட்டது.
உண்மை: தொடர்ந்து ரத்தம் தள்ளும் பம்ப் இது. நாடி தட்டுப்படாதது சாதாரணம்; ரத்த அழுத்தத்தை டாப்ளர் வைத்துப் பார்ப்பார்கள்.

நம்பிக்கை: வீட்டுக்கு வந்தபின் பேரப்பிள்ளைகளைத் தொடக் கூடாது.
உண்மை: வெளியிலிருந்து தரும் கதிர் இயந்திரம் நின்றதுமே முடிந்தது. தாராளமாகக் கொஞ்சலாம்.

இந்தக் கேள்வி இனி அடிக்கடி எழும். மொமென்டம் 3 என்ற ஆய்வில் ஹார்ட்மேட் 3 பொருத்தியவர்களில் சுமார் 58 விழுக்காட்டினர் 5 ஆண்டுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள். ஆயுள் கூடினால் புற்றுநோயும் எட்டிப் பார்க்கும். இந்தப் பம்பைப் பொருத்தும் மருத்துவமனைகள் சென்னையிலும் இருக்கின்றன.

கருவியின்மேல் எத்தனை கிரே விழும் என்று கணக்கிடுகிறவர் மருத்துவ இயற்பியலாளர். கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவில் அவர் இருந்தாக வேண்டும் என்பது இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதி. இருந்தும் பெரும்பாலான குடும்பங்கள் அவர் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. கேள்வியெல்லாம் வாட்ஸ்அப்புக்குப் போகிறது. முதல் நாளே “பிஸிசிஸ்ட்டைப் பார்க்க வேண்டும்” என்று கேளுங்கள். பம்பின் மாடல், ஐ.சி.டி. அட்டை இரண்டையும் அவரிடம் காட்டுங்கள். பம்பைக் கவனிக்கும் இதய மருத்துவக் குழுவின் தொலைபேசி எண்ணைக் கொடுத்து, இருவரையும் பேசவையுங்கள். ஒவ்வொரு நாளும் மாற்று பேட்டரியும் மாற்று கன்ட்ரோலரும் பையில் இருக்கட்டும்.