சின்ன வாயில் 42 பல்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்து வருகிறவரை வாசலில் வரவேற்பது பல வீடுகளில் ஒரு வெள்ளைப் பொமரேனியன். தாவி ஏறி முகத்தை நக்க வரும். அவரோ மூக்கைச் சுளித்துத் திரும்பிக்கொள்வார். "நாய் வாய்னா நாறத்தானே செய்யும்?" என்று உள்ளேயிருந்து சமாதானம் வரும்.

நாற வேண்டியதில்லை. நலமான நாயின் வாயில் தின்ற தீனியின் வாடை இருக்கலாம். அழுகல் நாற்றம் அடித்தால் ஈறு கெட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

சின்ன நாய்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். ஆளுயரத்துக்கு எம்பும் ராஜபாளையத்துக்கும் மடியில் அடங்கும் பொமரேனியனுக்கும் பல் ஒரே எண்ணிக்கைதான்: 42. குட்டித் தாடையில் அவ்வளவும் நெருக்கியடித்து முளைக்கின்றன. இடுக்குகளில் அழுக்கு தேங்குகிறது. "பால் பல் தானா விழுந்துடும்" என்ற நம்பிக்கையும் இங்கே அடிக்கடி பொய்த்துப்போகும். ஏழு மாதமாகியும் கோரைப்பல் ஜோடியாக நின்றால் பழையதை டாக்டர்தான் பிடுங்க வேண்டும்.

"பிஸ்கட் போட்டால் சொத்தை விழும்" என்பது பாதி உண்மை. நாயின் எச்சில் காரத்தன்மை உள்ளது. அதனால் மனிதர்களைப்போல எளிதில் சொத்தை விழாது. அதே எச்சில்தான் பல்லில் படிந்த அழுக்கை இரண்டு மூன்று நாளில் காறையாக இறுக்கிவிடுகிறது. வாரம் ஒரு தடவை தேய்ப்பது போதாது என்பதற்கும் அதுவே காரணம்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். குழம்பில் வெந்த மட்டன் எலும்பு, குடும்பத்தில் கடைசியாக நாய்க்கு. "கடிக்கக் கடிக்கப் பல் பளபளக்கும்." கடினமான எலும்பைக் கடிக்கும்போது மேல்தாடையின் பெரிய கடைவாய்ப்பல் பிளந்துவிடலாம். அந்தப் பல்லின் வேர் முடிவது கண்ணுக்குச் சற்றுக் கீழே. சீழ் கட்டினால் கன்னம் வீங்கும். பூச்சி கடித்தது என்று மஞ்சள் தடவுவார்கள், கண்ணில் சொட்டு மருந்து விடுவார்கள். வீக்கம் வடியும், திரும்ப வரும். உடைந்த பல்லைக் கவனிக்காதவரை இந்த விளையாட்டு ஓயாது. வெந்த எலும்பு சில்லுசில்லாக உடைந்து தொண்டையிலோ குடலிலோ குத்துவது தனி ஆபத்து. கடிக்கக் கொடுக்கும் பொருளில் நம் கட்டைவிரல் நகம் பதிய வேண்டும். பதியாவிட்டால் அது நாய்க்கு வேண்டாம்.

"தட்டு காலியாகுது, வலி எங்கே இருக்கப்போகுது?" பசி வலியைவிடப் பெரியது. தயிர் சாதத்தை மெல்லாமல் விழுங்கிவிட முடியும். ஒரு பக்கமாகவே மென்றும் சமாளிக்கும். ஈறு நோய் முற்றி எலும்பு கரைந்தபின், கட்டிலிலிருந்து குதித்ததிலேயே கீழ்த்தாடை முறிவது சின்ன நாய்களிடம் நடக்கக்கூடியதுதான்.

நம் டூத்பேஸ்ட் கூடாது. நாய் துப்பாது, விழுங்கும். சைலிட்டால் என்ற இனிப்பூட்டி கலந்ததென்றால் விஷமே. நாய்களுக்கென்று விற்கும் பேஸ்ட் வாங்கலாம். அதுவரை விரலில் சுற்றிய ஈரத்துணி போதும். வெளிப்பக்கம் ஈறு ஓரமாகத் தேய்த்தாலே பெரிய வேலை முடிந்தது.

கடைசியாக, மயக்க மருந்துப் பயம். மயக்க மருந்து இல்லாமல் காறையைச் சுரண்டிவிட்டால் பல் வெளுக்கும், வீட்டாருக்குத் திருப்தி. நோய் இருப்பதோ ஈறுக்கு அடியில். விழித்திருக்கும் நாய் அங்கே கருவியை விட அனுமதிக்காது. அமெரிக்கக் கால்நடைப் பல் மருத்துவக் கல்லூரி இந்த முறையை ஏற்பதில்லை. மயக்கத்தில் ஆபத்தே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ரத்தப் பரிசோதனையும் இதயப் பரிசோதனையும் அதைக் குறைக்கத்தான்.

உள்ளூர் கால்நடை மருந்தகத்தில் காறை அகற்றும் ஸ்கேலிங் வசதி இல்லாவிட்டால், திருவள்ளூர்க்காரர்களும் கும்மிடிப்பூண்டிக்காரர்களும் போகக்கூடிய தூரத்தில்தான் இருக்கிறது வேப்பேரி. 1903-இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அங்கே உண்டு. போகும்போது நாயின் வயது, பழைய நோய், கொடுத்துவரும் மாத்திரை எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதி எடுத்துப்போனால், மயக்கம் கொடுப்பவர் முதலில் கேட்பது கையில் தயாராக இருக்கும்.