ஸ்க்ரோல் வாள் வாங்கும் முன்

ஐரோப்பாக் கண்டத்தின் படத்தை மரப்பலகையில் ஒட்டி, நாடு நாடாக அறுத்து, பிள்ளைகள் சேர்த்துப் பழகும் பாடப் பொருளாக 1760-களில் விற்றவர் லண்டன் நகரத்து ஜான் ஸ்பில்ஸ்பரி. அவர் காலத்தில் மின்மோட்டார் ஏது? மாணவ நண்பர்களே, ஆண்டுக்கு ஓரிரு முறை கண்காட்சிக்காக இத்தகைய படம் செய்வோருக்கு ஃபிரெட் வாள் எனும் கைவாளே போதும் என்பது என் கருத்து. அடிக்கடி செய்பவர்களும் பள்ளி அறிவியல் மன்றத்தாரும் மின்சாரத்தில் இயங்கும் ஸ்க்ரோல் வாளைப் பற்றி எண்ணலாம். விலை குறைந்ததே போதும். ஆனால் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் வாட் அளவை மட்டும் பார்த்து வாங்கினால் சேர்த்த பணம் வீணாகக்கூடும்.

இவ்வாளில் இரு புயங்களின் நுனிகளுக்கிடையே மெல்லிய எஃகு அலகு ஒன்று இழுத்துக் கட்டப்பட்டு மேலும் கீழும் இயங்குகிறது. எனவே அதனை ஒரு வீணைக் கம்பியாகவே கருதலாம். கம்பியின் நடுவே பக்கவாட்டில் ஒரு விசை தாக்கினால் அது எவ்வளவு விலகும்? விசையை நீளத்தால் பெருக்கி, இழுவிசையின் நான்கு மடங்கால் வகுக்க வேண்டும். நீளம் 120 மி.மீ., பக்கவாட்டு விசை 5 நியூட்டன், இழுவிசை 100 நியூட்டன் எனக் கொண்டால் விலகல் 1.5 மி.மீ. ஆகும். இழுவிசையை 200 நியூட்டனாக உயர்த்தினால் 0.75 மி.மீ.தான். ஒன்றரை மி.மீ. பிசகினால் துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்துமா?

ஆகவே கடையில் முதலில் பார்க்க வேண்டியது புயங்களின் உறுதியை. மின் இணைப்பை நீக்கிவிட்டு அலகை முறுக்கி இறுக்குங்கள். பிறகு விரலால் மெல்லச் சுண்டுங்கள். தெளிவான ஓசை எழ வேண்டும். இறுக்க இறுக்கச் சுருதி ஏறாமல் புயம் வளைந்து கொடுக்குமாயின் அந்த இயந்திரம் வேண்டாம். சுரமானியில் நீங்கள் செய்யும் சோதனைதான் இது!

அடுத்தது அதிர்வு. அலகு மொத்தம் 18 மி.மீ. ஏறி இறங்குவதாகக் கொள்வோம். வீச்சு 9 மி.மீ. இதனைச் சீரிசை இயக்கமாகக் கருதினால், நிமிடத்திற்கு 400 அலைவுகளில் பெரும முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் ஏறக்குறைய 1.6 மடங்கு. 1600 அலைவுகளில் அது ஏறக்குறைய 25 மடங்காகிவிடும். வேகம் நான்கு மடங்கானால் முடுக்கம் பதினாறு மடங்கு அல்லவா? இம்முடுக்கத்தைத் தரும் விசையின் எதிர்வினை அடித்தளத்தை உலுக்குகிறது. கனமான வார்ப்பிரும்பு அடித்தளம் அதிகம் ஆடாது; தகட்டால் ஆனது துள்ளும். வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் வசதியுள்ளதையே கேளுங்கள். ஒரு ரூபாய் நாணயத்தை மேடைமீது விளிம்பில் நிறுத்தி, எந்த வேகத்தில் அது விழுகிறது என்று பாருங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

அலகைப் பிடிக்கும் முறையையும் கவனிக்க வேண்டும். சில இயந்திரங்கள் நுனியில் குறுக்கு ஊசி உள்ள அலகை மட்டுமே ஏற்கும். ஆப்பிரிக்கப் படத்தில் தென்னாப்பிரிக்காவுக்குள் முழுதும் அடங்கியுள்ள லெசோத்தோவை அறுக்க, பலகையில் துளையிட்டு அலகை நுழைத்துப் பூட்ட வேண்டும் அல்லவா? ஊசி நுழைய ஏறத்தாழ 5 மி.மீ. துளை வேண்டும், சிறிய நாடு உருக்குலைந்துவிடும். ஊசியற்ற மெல்லிய அலகுக்கு 1 அல்லது 2 மி.மீ. போதும். எனவே இருவகை அலகையும் ஏற்பதே நல்லது.

அலகின் பற்களில் மூன்றேனும் எப்போதும் மரத்துக்குள் இருத்தல் வேண்டும். 6 மி.மீ. பிளைவுட்டுக்குப் பற்களின் இடைவெளி 2 மி.மீ.க்கு மேற்படலாகாது, அதாவது அங்குலத்துக்கு 13 பற்களாவது தேவை. பற்களின் கூர் கீழ்நோக்கி இருக்கும்படி பூட்டுங்கள். அப்படியும் அலகு மேலேறும்போது உராய்வு பலகையைத் தூக்கப் பார்க்கும். இரு கைகளாலும் பலகையை மேடையோடு அழுத்திப் பிடித்து, விரல்களை அலகின் பாதையிலிருந்து விலக்கி, கண்ணாடி அணிந்து அறுங்கள்.