ரூட் இருக்கிறது, மேப் இல்லை: ஃபிரேம் ரிலே முகவரிச் சிக்கல்கள்

ஃபிரேம் ரிலே இணைப்பில் பாக்கெட் வெளியே போக ரவுட்டருக்கு இரண்டு விவரம் தெரிந்திருக்க வேண்டும்: அடுத்த ரவுட்டரின் ஐபி முகவரி, அதற்குப் போகும் சர்க்யூட்டின் எண். டிஎல்சிஐ எனப்படும் இந்த எண் 10 பிட் நீளமானது. அது எதிர்முனையின் பெயர் அல்ல. ரவுட்டருக்கும் அதன் பக்கத்து ஸ்விட்ச்சுக்கும் இடையே மட்டும் செல்லுபடியாகும். ஐபியையும் டிஎல்சிஐயையும் ஜோடி சேர்த்து வைப்பதுதான் மேப்பிங். ஜோடி தவறினால் கம்பியில் எந்தக் கோளாறும் இல்லாமலே தொடர்பு நின்றுவிடும்.

தலைமையகம் 10.1.1.1, முதல் கிளை 10.1.1.2, இரண்டாம் கிளை 10.1.1.3 என்று ஒரே சப்நெட்டில் மூன்று ரவுட்டர்கள் இருப்பதாகக் கொள்ளலாம். தலைமையகம் முதல் கிளைக்கு 102-லும் இரண்டாம் கிளைக்கு 103-லும் அனுப்புகிறது. கிளைகள் தலைமையகத்துக்கு முறையே 201, 301 என்ற எண்களில் அனுப்புகின்றன. கிளைகளுக்கு இடையே நேரடி சர்க்யூட் இல்லை. இந்த அமைப்பில் அதிகம் நடக்கும் தவறு, தலைமையக ரவுட்டரில் 10.1.1.2-க்கு நேராக 201 என்று எழுதிவிடுவது. எதிர்முனைக்கு எதிர்முனையின் எண்தானே என்று கை தன்னால் எழுதிவிடும். நல்ல வேளையாக இந்தத் தவறு ஒளிந்துகொள்வதில்லை: ஸ்விட்ச்சுக்கு அந்தப் பக்கத்தில் 201 என்ற எண்ணே தெரியாததால், பிவிசி (அந்தச் சர்க்யூட்) நிலை 'டெலிட்டட்' என்று காட்டும். 'இன்ஆக்டிவ்' என்றால் கதை வேறு. தன் பக்கம் சரியாக இருக்கிறது, மறுமுனையைத்தான் பார்க்க வேண்டும்.

சோதனையைக் கீழிருந்து மேலே கொண்டு போவதே நேரத்தை மிச்சப்படுத்தும். முதலில் எல்எம்ஐ. சிஸ்கோ ரவுட்டர் 10 விநாடிக்கு ஒருமுறை ஸ்விட்ச்சிடம் நிலை கேட்கும். கேட்ட எண்ணிக்கை ஏறி, பதில் எண்ணிக்கை அசையாமல் நின்றால் மேப்பைத் தொடுவதில் பயனில்லை. அடுத்து பிவிசி நிலை. இரண்டும் சரி என்றால்தான் 'ஷோ ஃபிரேம்-ரிலே மேப்'. ஆரோக்கியமான வரி ஒன்று இப்படி இருக்கும்: ஐபி 10.1.1.2, டிஎல்சிஐ 102, டைனமிக், பிராட்காஸ்ட், டிஃபைன்ட், ஆக்டிவ். 102-ஐ ஒட்டி 66, 1860 என்று இரண்டு பதினாறடிமான எண்கள் தெரியும். முதலாவது அதே 102. இரண்டாவது, அந்த 10 பிட்டும் ஃபிரேம் தலைப்பின் இரு பைட்டுகளில் ஆறும் நான்குமாகப் பிரிந்து அமரும்போது கிடைக்கும் உருவம்.

'டைனமிக்' என்பது இன்வர்ஸ் ஆர்ப் தந்த பதிவு. 1992-இல் ஆர்எஃப்சி 1293 ஆகவும், 1998-இல் 2390 ஆகவும் வெளிவந்த இந்த முறையில், கையிலிருக்கும் சர்க்யூட்டின் வழியாக "உன் ஐபி என்ன?" என்று மறுமுனையிடம் கேட்கப்படுகிறது. சர்க்யூட் எங்கே இருக்கிறதோ அங்கே மட்டுமே கேட்க முடியும். ஆகவே முதல் கிளை தலைமையகத்தைத் தானாகத் தெரிந்துகொள்ளும். இரண்டாம் கிளையை ஒருபோதும் தெரிந்துகொள்ளாது.

புதியவர்களை நாள் முழுக்க அலைக்கழிப்பது இந்த இடம்தான். ஓஎஸ்பிஎஃப் 'நான்-பிராட்காஸ்ட்' வகையில் ஓடினால், இரண்டாம் கிளையின் லேன் முதல் கிளையின் ரூட்டிங் டேபிளில் ஒழுங்காக வந்துவிடும். அடுத்த தாவல் 10.1.1.3 என்றும் எழுதியிருக்கும். பிங் போட்டால் ஐந்து புள்ளிகள். ரூட் கண்ணெதிரே இருப்பதால் ஆக்சஸ் லிஸ்ட்டையும் ஃபயர்வாலையும் சந்தேகிக்கத் தோன்றும். 'டீபக் ஃபிரேம்-ரிலே பாக்கெட்' போட்டால் ஒரே வரியில் விடை வரும்: 'என்கேப்ஸ் ஃபெயில்ட், நோ மேப் என்ட்ரி'. முதல் கிளையில் 10.1.1.3-ஐ 201-க்கும், இரண்டாம் கிளையில் 10.1.1.2-ஐ 301-க்கும் கையால் எழுத வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எழுதினால் பாக்கெட் போகும், பதில் திரும்பாது. எழுத விருப்பமில்லை என்றால் ஓஎஸ்பிஎஃப் வகையை 'பாயின்ட்-டு-மல்டிபாயின்ட்' ஆக்கலாம். அடுத்த தாவல் தலைமையகமாகிவிடும்.

கையால் எழுதுவதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஒரு டிஎல்சிஐக்கு ஐபி மேப் எழுதியதும், அதே டிஎல்சிஐயில் ஐபிக்கான இன்வர்ஸ் ஆர்ப் நின்றுவிடும். முன்பே கற்றுக்கொண்ட தலைமையகப் பதிவு நினைவகத்தில் கிடப்பதால் அன்றைக்கு எல்லாம் ஓடும்; வேலை முடிந்தது என்று எழுதிக் கொடுத்துவிட்டும் போவார்கள். என்றோ ஒரு நாள் கரண்ட் போய் வந்து ரவுட்டர் மறுபடி கிளம்பும்போது கையால் எழுதிய பதிவு மட்டும் இருக்கும், தலைமையகம் காணாமல் போயிருக்கும். அதனால் 201-க்கு ஒரு மேப் எழுதினால் 10.1.1.1-க்கும் சேர்த்தே எழுதிவிட வேண்டும். பிறகு 'கிளியர் ஃபிரேம்-ரிலே இன்ஆர்ப்' கொடுத்து, டைனமிக் பதிவுகள் இல்லாமலும் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். பாதி தானியங்கி, பாதி கைவேலை என்ற கலவையைவிட மோசமான ஏற்பாடு இந்தத் தொழிலில் குறைவு.

'பிராட்காஸ்ட்' என்ற சொல்லை விட்டுவிடுவது அடுத்த பிழை. இங்கே பிங் வேலை செய்யும், ரூட்டிங் வேலை செய்யாது. தலைமையகத்தில் அந்தச் சொல் விடுபட்டு கிளையில் இருந்தால், இஐஜிஆர்பி தலைமையகத்தில் அண்டை ரவுட்டரைக் காட்டும், சற்று நேரத்தில் 'ரீட்ரை லிமிட் எக்ஸீடட்' என்று கைவிடும், மறுபடி காட்டும். லைன் ஆடுகிறது என்று சேவை நிறுவனத்திடம் புகார் போவதற்கு முன் மேப் வரியை ஒருமுறை படிப்பது நல்லது.

மல்டிபாயின்ட் இணைப்பில் ரவுட்டரின் சொந்த ஐபிக்கே பிங் போகாது. அதற்கும் மேப் வேண்டும் என்பதால் அது கோளாறாகாது. மறுமுனை வேறு நிறுவனத்தின் ரவுட்டர் என்றால் என்கேப்சுலேஷன் 'ஐஇடிஎஃப்' ஆக இருக்க வேண்டும். சிஸ்கோவின் இயல்பு வகை அங்கே புரியாது. எல்எம்ஐ வகையோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது, அது பக்கத்து ஸ்விட்ச்சோடு மட்டும் பேசுவது.

பாயின்ட்-டு-பாயின்ட் சப்-இன்டர்ஃபேஸ்களாகப் பிரித்தால் இந்தத் தொல்லைகளில் பெரும்பாலானவை இல்லை. ஒரு சப்-இன்டர்ஃபேஸுக்கு ஒரு சர்க்யூட்தான் என்பதால் யாருக்கு எந்த எண் என்ற கேள்வியே எழாது. சர்க்யூட்டுக்கு ஒரு சப்நெட் செலவாகும், அவ்வளவுதான்.

ஃபிரேம் ரிலே இன்று ஜிஎன்எஸ்3 போன்ற ஆய்வகங்களில்தான் பெரும்பாலும் ஓடுகிறது. ஆனால் இதே மேப்பிங் சிக்கல் இன்றும் தொடர்கிறது: டிஎம்விபிஎன் அமைப்போர் டனல் ஐபியையும் பொது ஐபியையும் என்ஹெச்ஆர்பி மூலம் ஜோடி சேர்க்கிறார்கள். அங்கே 'ஐபி என்ஹெச்ஆர்பி மேப் மல்டிகாஸ்ட்' என்ற வரி விடுபட்டால், பிங் போகும், ரூட்டிங் அண்டை நிலைக்காது.