பகுத்தமைத்தால் பழுது புலப்படும்

நுழையும்முன்

பள்ளியில் இணையம் நின்றுவிட்டால் எல்லாரும் கேட்கும் முதல் வினா, "எங்கே பழுது?" என்பதாகும். அதற்கு விரைவில் விடை கிடைக்குமா என்பது, பழுது நேர்ந்த நாளில் முடிவாவதில்லை. கணினி வலையமைப்பை வகுத்த நாளிலேயே பெரிதும் முடிவாகிவிடுகிறது. பேணுதற்கு எளிய வலையமைப்பு எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

முகவரியே வழிகாட்டி

ஐதராபாத் அபிட்ஸ் பகுதியிலுள்ள தலைமை அஞ்சலகத்தின் குறியீட்டு எண் 500001. சென்னைத் தலைமை அஞ்சலகத்தின் எண் 600001. இந்த ஆறிலக்க முறை 1972ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. ஐதராபாத்தில் வாழும் பேரன், மதுரையிலுள்ள தாத்தாவுக்கு 625001 என்னும் எண்ணிட்டு மடல் விடுக்கிறான் எனக் கொள்வோம். இங்கே மடல்களைப் பிரிப்பவர் மதுரையின் தெருக்களை அறிந்திருக்க வேண்டுவதில்லை. முதலிலுள்ள 6, தமிழ்நாடும் கேரளமும் அடங்கிய மண்டலத்தைக் காட்டும். முதல் மூன்று இலக்கங்களாகிய 625, மதுரை வட்டாரத்தைக் காட்டும். இறுதி மூன்று இலக்கங்கள் உரிய அஞ்சலகத்தைக் காட்டும்.

கணினிகளுக்கும் இத்தகைய முகவரி உண்டு. அதனை ஐ.பி. முகவரி என்பர். பரவலாக வழங்கும் முறையில் அது நான்கு எண்களால் ஆனது. 10.20.1.5 என்னும் முகவரியில், 20 என்பது பள்ளி, 1 என்பது கணினி ஆய்வகம், 5 என்பது கணினி என முன்னரே வகுத்துக்கொள்ளலாம். அப்போது முகவரியைப் பார்த்த அளவிலேயே கணினி இருக்கும் இடம் விளங்கும். செய்திகளுக்கு வழிகாட்டும் ரௌட்டர் என்னும் கருவிக்கும், "10.20 எனத் தொடங்குவன யாவும் இப்பக்கம்" என்னும் ஒரே குறிப்புப் போதும். வரையறையின்றி எண்களை வழங்கினால், ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனிக் குறிப்பு வேண்டியிருக்கும்.

மதகு காட்டும் பாடம்

ஏரியிலிருந்து வயலுக்கு நீர் பாய்ச்சிய நம் முன்னோர், பல மதகுகளையும் கிளை வாய்க்கால்களையும் அமைத்தனர். ஒரு வாய்க்காலில் உடைப்பு ஏற்பட்டால் அதற்குரிய மதகை மட்டும் அடைத்துச் சீர்செய்வர். ஏனைய வயல்களுக்கு நீர் தடைபடாது.

வலையமைப்பையும் இவ்வாறே பகுத்தல் வேண்டும். அலுவலகம், நூலகம், ஆய்வகம் ஆகியவற்றைத் தனித்தனிப் பிரிவுகளாக அமைத்தால், ஆய்வகத்தில் எழும் சிக்கல் அலுவலகத்தைப் பாதிப்பது குறையும். பழுதைத் தேடுபவரும் முழுக் கட்டடத்தையும் சுற்றிவர வேண்டியதில்லை. எந்தப் பிரிவு இயங்கவில்லை என்று கண்டு, அங்கிருந்து தொடங்கலாம்.

கோடும் வளையமும்

ஊராட்சிகளை ஒளியிழை வடங்களால் இணைக்கும் திட்டத்திற்கு இந்திய அரசு 2011ஆம் ஆண்டு ஒப்புதல் அளித்தது. அது பின்னர்ப் பாரத்நெட் எனப் பெயர் பெற்றது. தொடக்கத்தில் வடங்கள் பெரும்பாலும் கோடுபோல் ஊர்விட்டு ஊர் சென்றன. அம்முறையில், சாலை தோண்டும் பொக்லைன் இயந்திரம் ஓரிடத்தில் வடத்தை அறுத்தால், அதற்கு அப்பாலுள்ள ஊர்கள் யாவும் தொடர்பிழக்கும். அவ்வூரின் மாணவர் தேர்வுக்கு விண்ணப்பிக்க இயலாது. முதியவர் ஊராட்சி அலுவலகத்திலிருந்து வெறுங்கையுடன் திரும்புவார்.

2023ஆம் ஆண்டு ஒப்புதல் பெற்ற திருத்தப்பட்ட திட்டம், கோட்டை வளையமாக மாற்றுமாறு வகுக்கப்பட்டது. வளையத்தில் ஓரிடம் அறுந்தாலும் செய்தி மறுபக்கமாகச் சுற்றிச் செல்லும். ஆயினும் ஒரு கருத்தை மறத்தல் ஆகாது. வளையத்தின் இரு பக்க வடங்களும் ஒரே பள்ளத்தில் கிடந்தால், ஒரே வெட்டில் இரண்டும் அறுந்துபோகும். தாளில் வளையமாகத் தோன்றுவது மண்ணிலும் வளையமாக இருத்தல் வேண்டும்.

ஏடும் சீட்டும்

தெலங்கானாவில் மிஷன் பகீரதா என்னும் குடிநீர்த் திட்டம் 2016ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. குடிநீர்க் குழாய்களுக்குத் தோண்டிய பள்ளங்களிலேயே டி-ஃபைபர் திட்டத்தின் ஒளியிழைக் குழாய்களும் இடப்பட்டன. ஒரே முறை தோண்டியதால் செலவும் உழைப்பும் குறைந்தன. ஆனால், பின்னொரு நாள் குடிநீர்க் குழாயைச் சீர்செய்ய வருபவர், ஒளியிழை எங்கே, எவ்வளவு ஆழத்தில் உள்ளது என்று அறிந்திருத்தல் வேண்டும். அதற்கு வரைபடமும் குறிப்பேடும் இன்றியமையாதவை.

வலையமைப்பை நிறுவுபவர் ஒருவர். பல ஆண்டுகளுக்குப் பின் பழுது பார்ப்பவர் வேறொருவர். முன்னவர் ஒவ்வொரு வடத்தின் இரு முனைகளிலும் பெயர்ச்சீட்டு ஒட்டி, செய்த மாற்றங்களை நாளிட்டுக் குறித்துவைத்தால், பின்னவர் இருளில் துழாவ வேண்டியதில்லை. முகம் அறியாத ஒருவருக்குச் செய்யும் உதவி அது.

சொல்லும் பொருளும்

மதகு – நீரைத் திறந்துவிடவும் அடைக்கவும் உதவும் அமைப்பு
ஒளியிழை – ஒளியின் வழியே செய்தியைக் கடத்தும் மெல்லிய கண்ணாடி இழை
வடம் – கயிறு; இங்குக் கேபிள்
பேணுதல் – பாதுகாத்தல், பராமரித்தல்

பயிற்சி

1. அஞ்சல் குறியீட்டு எண்ணுக்கும் ஐ.பி. முகவரிக்கும் உள்ள ஒற்றுமை யாது?
2. வளைய அமைப்பு பயன் தராமற்போவது எப்போது? காரணம் தருக.
3. 'தடைபடாது', 'இயலாது', 'ஆகாது' ஆகிய எதிர்மறைச் சொற்களைத் தனித்தனித் தொடர்களில் அமைத்து எழுதுக.
4. உம் பள்ளியின் கணினி ஆய்வகத்தை ஆசிரியரின் துணையுடன் பார்வையிட்டு, கருவிகளையும் வடங்களையும் காட்டும் படம் வரைக. அவற்றிற்குத் தமிழில் பெயரிடுக.