பழைய கல் அடுப்பைப் பிரிக்கப் போறீங்களா?



நம்ம ஆத்தங்குடிப் பெரிய வீடுகளில் பின்கட்டுக்குப் போய்ப் பாருங்கள். ஒன்றுக்கு மேல் அடுப்படி இருக்கும். ஒரே வீட்டில் இருந்தாலும், கல்யாணமான மகன்கள் தனித்தனியாக உலை வைப்பது செட்டிநாட்டு வழக்கம். காலம் மாறிவிட்டது. 2016ல் தொடங்கிய உஜ்வாலா திட்டத்தில் பெண்கள் பெயரிலேயே கேஸ் இணைப்பு கிடைத்தது. பல வீட்டில் கல் அடுப்பு இப்போது எலியும் தேளும் குடியிருக்கிற மூலை. "இதை எடுத்துட்டா இடமாவது மிஞ்சுமே" என்று நாம் பேசிக்கொள்கிறோம்.

எடுக்கலாம். ஆனால் எடுத்தவுடனே கடப்பாரையைப் போடக்கூடாது. ஒரு கன அடி கருங்கல் சுமார் 75 கிலோ இருக்கும். இரண்டு அடி நீளம், ஒரு அடி அகலம், அரை அடி கனமுள்ள கல் ஒன்று, ஒன்றரை மூட்டை சிமெண்டுக்குச் சமம். அது காலில் விழுந்தால் வேலைக்குப் போக முடியாது. கூலி நிற்கும், குழுக்கடன் தவணை நிற்குமா?

முதலில் வீட்டில் பேசுங்கள்

வீடு பங்காளிகளுக்குப் பொதுவா, வாடகையா? அப்படியானால் உரியவர்களின் சம்மதம் வாங்குங்கள். மாமியாரிடமும் கேளுங்கள். அவர் நாற்பது வருஷம் புகை குடித்துச் சமைத்த இடம் அது. சிலிண்டர் தீர்ந்த நாளுக்கும், நெல் அவிக்கவும், விசேஷத்துக்கும் கொல்லையில் ஒரு அடுப்பு போட்டுக்கொண்டால் வீட்டில் சண்டையும் வராது, உள்ளே புகையும் வராது.

எது எதைத் தாங்குகிறது?

இதுதான் முக்கியமான கேள்வி. அடுப்பு தனியாக நிற்கிறதா, சுவரோடு சேர்த்துக் கட்டியதா? புகைக்கூண்டு அடுப்பின் மேல் உட்கார்ந்திருக்கிறதா? சுவருக்குள் போகிற கல்லின் மேல் உத்தரமோ கூரையோ நிற்கிறதா? இதில் எதற்காவது "ஆமாம்" என்றோ "தெரியலை" என்றோ பதில் வந்தால், அனுபவமுள்ள கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். கூரையைத் துளைத்துப் போகிற செங்கல் புகைபோக்கியை நாமே தொடவே கூடாது. தனியாக நிற்கிற தாழ்ந்த அடுப்பை மட்டும் நாமே பிரிக்கலாம்.

பிரிக்கும் முறை

1. மழைக்காலம் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் கூரையில் ஓட்டை விழுந்தால் வீடே நனையும். கோடையில் செய்யுங்கள்.

2. மூன்று நாள் அடுப்பு மூட்டாதீர்கள். சாம்பலுக்கு அடியில் கங்கு உயிரோடு கிடக்கும். சூடான கல்லில் தண்ணீர் ஊற்றினால் கல் வெடித்துத் தெறிக்கும்.

3. சிலிண்டரை அந்த அறையை விட்டு வெளியே, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். அந்தச் சுவரில் கரண்ட் வயர் போனால் மெயின் சுவிட்சை அணையுங்கள்.

4. இடுக்கில் கையை விடாதீர்கள். குச்சியால் தட்டிப் பாருங்கள். பாம்பு கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட இடத்தை அசைக்காமல், 108க்குப் போன் செய்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

5. கல் தூசி நுரையீரலைக் கெடுக்கும். சேலைத் தலைப்பு நுண்ணிய தூசியைத் தடுக்காது. மருந்துக் கடையில் என்95 முகக்கவசம் வாங்குங்கள். கண்ணாடி, செருப்புக்குப் பதில் மூடிய ஷூ, கையுறை அவசியம். வேலை முடியும் வரை தண்ணீர் தெளித்துக்கொண்டே இருங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வரவேண்டாம். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் கசக்காமல் நல்ல தண்ணீரில் நிறைய நேரம் கழுவி, மருத்துவரிடம் காட்டுங்கள்.

6. மேலிருந்து கீழே வாங்க! அடியில் உள்ள கல்லை முதலில் உருவினால் மேலே உள்ளதெல்லாம் சரியும். இணைப்பில் உள்ள சுண்ணாம்புக் காரையை உளியால் சுரண்டுங்கள். காரை போனதும் கல் தானாக அசையும். ஒரு நேரத்தில் ஒரு கல்தான்.

7. தனியாகத் தூக்காதீர்கள். கடப்பாரையால் நெம்பி, சாக்கின் மேல் இறக்கி, இரண்டு மூன்று பேராக இழுங்கள். நெம்பும்போது கல்லுக்கு அடியில் கையோ காலோ இருக்கக்கூடாது.

பிரித்த பிறகு

பள்ளத்தை மண் போட்டு, தண்ணீர் விட்டு, நன்றாகத் திமிசு போட்டு இறுக்குங்கள். சரியாக இறுக்காமல் தரை போட்டால் பிறகு உள்வாங்கும். அதன் மேல் நம்மூர்க் கல்லையே பதிக்கலாம். கண்ணாடியின் மேல் வர்ணச் சிமெண்ட் ஊற்றிக் கையால் செய்து, தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கிற ஆத்தங்குடிக் கல்லுக்கு ஆசிட் ஆகாது. ஆசிட் ஊற்றிக் கழுவினால் மினுமினுப்பு போய்விடும்.

சுவரில் படிந்த கரியைச் சுரண்டாமல் வெள்ளையடித்தால் கறை திரும்ப வெளியே வரும். சுண்ணாம்புச் சுவரைச் சுண்ணாம்புக் கலவையாலேயே பூசுங்கள். சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளே தங்கிப் பூச்சு உதிரும். பிரித்த கல்லை வீசாதீர்கள்; கொல்லையில் துவைக்கிற கல்லாக, படிக்கல்லாகப் பயன்படும்.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

• யார் வீட்டு அடுப்பு தனியாக நிற்கிறது, யார் வீட்டில் சுவரோடு இருக்கிறது?
• கொத்தனார் கூலி, கவசச் சாமானுக்கு உள்கடன் எவ்வளவு தேவைப்படும்?
• ஒரு செட் கையுறை, கண்ணாடி, கடப்பாரையைக் குழுவே வாங்கி முறை வைத்துக் கொடுக்கலாமா?

மூலையில் இடம் கிடைப்பது நல்லதுதான். அந்த இடத்தில் நாம் கை கால் சுகத்தோடு உட்கார்ந்து காய் நறுக்க வேண்டும், அதுதான் முக்கியம்!